ரிவால்வர் தோட்டா போடும் ரைஃபிளில் மான் வேட்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மிச்சிகனில் நவம்பர் 15. ஒஹாயோவில் நன்றி நவிலல் நாளை அடுத்து வரும் திங்கட்கிழமை. மான் வேட்டையின் துப்பாக்கிப் பருவம் தொடங்கும் நாள்கள் இவை. அக்டோபர் பிறந்துவிட்டால் இந்தப் பக்கத்துத் தமிழ் நண்பர்கள் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைப்பார்கள். சிலருக்கு அலுவலக நண்பர் வேட்டைக்கு அழைத்திருப்பார். சிலர் ஊர்ப்புறத்தில் நிலத்தோடு வீடு வாங்கியிருப்பார்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஒரு சொல் ஒழுங்கு மட்டும் முதலில். தோட்டா என்றால் முழுச் சரக்கு. குழலை விட்டுப் பறந்து போவது குண்டு. பின்னால் தங்கிவிடும் பித்தளைப் பகுதி கூடு. சுடுமுன் தோட்டா உட்கார்ந்திருக்கும் இடம் அறை. ‘.44’ போன்ற எண்கள் குண்டின் விட்டத்தை ஏறக்குறைய அங்குலத்தில் சொல்பவை. இங்கே எல்லோரும் கெஜத்திலும் அங்குலத்திலும்தான் பேசுகிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

ரிவால்வர் தோட்டாவை ரைஃபிளில் போட்டால் வெடித்துவிடாதா?

கையில் கிடைத்த ரைஃபிளில் கையில் கிடைத்த தோட்டாவைப் போட்டால் கட்டாயம் ஆபத்துதான். நாம் பேசுவது அந்தத் தோட்டாவுக்கென்றே அறை குடைந்து செய்த ரைஃபிள்களைப் பற்றி. எந்தத் தோட்டாவுக்கு உரியது என்று குழலிலேயே பொறித்திருப்பார்கள். ‘.44 ரெமிங்டன் மேக்னம்’ என்று பொறித்திருந்தால், அதே பெயர் அச்சிட்ட பெட்டியிலிருந்து எடுத்துப் போட வேண்டும்.

இது புதிய யோசனையும் அல்ல. வின்செஸ்டர் நிறுவனத்தின் 1873-ஆம் ஆண்டு மாதிரி ரைஃபிள் .44-40 என்ற தோட்டாவோடு வந்தது. சில ஆண்டுகளில் கோல்ட் நிறுவனம் அதே தோட்டாவுக்கு ரிவால்வர் செய்து விற்றது. இடுப்பில் ஒன்று, சேணத்தில் ஒன்று, இரண்டுக்கும் ஒரே பெட்டித் தோட்டா. கடையில்லாத ஊரில் இருப்பவனுக்கு அது பெரிய வசதி.

‘நேர்ச்சுவர்’ தோட்டா என்கிறார்களே, அது என்ன?

வழக்கமான வேட்டை ரைஃபிளின் தோட்டாக் கூடு சோடா பாட்டிலைப் போல இருக்கும்: உடல் பருமன், தோள் சரிவு, கழுத்து ஒடுக்கம். நிறைய வெடிமருந்தைக் கொட்டி, சிறிய குண்டை அதிவேகமாகத் தள்ளுவதற்கான வடிவம் அது. நேர்ச்சுவர்த் தோட்டாவில் தோளும் இல்லை, கழுத்தும் இல்லை. அடியிலிருந்து வாய்வரை ஒரே குழாய். குண்டு பருமனாகவும் கனமாகவும் இருக்கும். மருந்து கொஞ்சம்தான் பிடிக்கும். .357 மேக்னம், .41 மேக்னம், .44 மேக்னம், .45 கோல்ட், .454 கசூல், .460, .500 என்று ரிவால்வர் உலகின் பெரிய பெயர்கள் எல்லாம் இந்த வகை.

முதல் பதிலில் சொன்ன .44-40 மட்டும் இந்த வரிசையில் சேராது. அதன் வாய்ப்பக்கம் இலேசாக ஒடுங்கும். இந்தச் சிறு ஒடுக்கத்தால் வரும் தலைவலியைக் கடைசிப் பக்கம் பார்க்கலாம்.

நல்ல ரைஃபிள் தோட்டாக்கள் எத்தனையோ இருக்கும்போது எதற்கு இந்தச் சுற்றுவழி?

சட்டம்தான் காரணம். அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்கள் தட்டையான சோள வயல்கள். கால் மைலுக்கு ஒரு வீடு, குறுக்கும் நெடுக்கும் சாலைகள். 500 கெஜத்துக்கு அப்பாலும் உயிரெடுக்கக்கூடிய ரைஃபிள் குண்டு அங்கே பறப்பதை மாநிலங்கள் விரும்பவில்லை. அதனால் பல பத்தாண்டுகள் மானுக்கு ஷாட்கன், கரிமருந்துத் துப்பாக்கி, வில் ஆகியவற்றோடு சரி. சில மாநிலங்களில் கைத்துப்பாக்கிக்கும் இடம் இருந்தது.

கைத்துப்பாக்கிக்கு அனுமதி கொடுத்த இடத்தில் ஒரு கேள்வி தானாகவே முளைத்தது. .44 மேக்னத்தை ஒற்றைக் கையில் பிடித்துச் சுடலாம் என்றால், அதையே தோளில் ஊன்றி, தடுமாறாமல் குறிபார்த்துச் சுட்டால் என்ன குற்றம்? நியாயமான கேள்வி. மாநிலங்கள் ஒவ்வொன்றாக அதற்கு இணங்கின.

இந்த வரலாறு தெரியாமல் பலர், ‘இதுதான் மானுக்கு மிகச்சிறந்த தோட்டா போலும்’ என்று நினைத்துவிடுகிறார்கள். பெட்டிமேல் மான் படம் போட்டு விற்பதும் அந்த எண்ணத்தை வளர்க்கிறது. ரைஃபிளுக்குத் தடையே இல்லாத மிச்சிகனின் வடபகுதியில் வேட்டையாடப் போகிறவருக்கு நான் இதைச் சொல்லவே மாட்டேன், விசைக்குக் கீழுள்ள கைப்பிடியை இறக்கி ஏற்றித் தோட்டா மாற்றும் பழைய லீவர் ரைஃபிள்மேல் காதல் இருந்தாலொழிய.

எந்த மாநிலத்தில் எது செல்லும்?

பெரிய கோடுகளை மட்டும் தருகிறேன். இண்டியானா 2007-இல் கதவைத் திறந்தது: குண்டின் விட்டம் .357 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, கூட்டின் நீளம் ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும். பிறகு அந்த வரம்பைப் பலமுறை தளர்த்தியது. மிச்சிகனும் ஒஹாயோவும் 2014-இல் இறங்கின. மிச்சிகன் தன் தென்பகுதிக்கு விதித்தது: .35 அல்லது அதற்கு மேற்பட்ட விட்டம், நேர்ச்சுவர், கூடு 1.16 அங்குலத்துக்குக் குறையாமலும் 1.80 அங்குலத்துக்கு மிகாமலும். ஒஹாயோ முதலில் தோட்டாக்களைப் பெயர் சொல்லிப் பட்டியல் போட்டது. அந்தப் பட்டியலில் யாரும் கேட்காத பெயர்கள் இருந்தன, எல்லோரும் கேட்ட சில பெயர்கள் இல்லை. பிறகு .357 முதல் .50 வரை என்று சுருக்கிக்கொண்டது. அங்கே அறையிலும், அடுத்த தோட்டாக்கள் காத்திருக்கும் மேகசினிலும் சேர்த்து மூன்று தோட்டாவுக்கு மேல் இருக்கக்கூடாது என்பதையும் மறக்க வேண்டாம். லீவர் ரைஃபிளில் இது பலருக்கு நினைவிருப்பதில்லை.

அயோவா 2017-இல் வந்தது. இல்லினாய்ஸ் 2023-இல், அதுவும் ஒரு தோட்டா மட்டுமே போடக்கூடிய ரைஃபிளுக்கு. ஒஹாயோவில் செல்லும் லீவர் ரைஃபிளை இல்லினாய்ஸுக்கு எடுத்துப் போனால் அது மான் வேட்டைக்கு ஆகாது. மாநில வனவிலங்குத் துறை ஆண்டுதோறும் புதிய விதிப்புத்தகம் போடுகிறது. இந்தப் பக்கத்தை நம்பித் துப்பாக்கி வாங்காதீர்கள். அந்த ஆண்டுப் புத்தகத்தைப் பார்த்து வாங்குங்கள்.

சின்னக் குண்டு, குறைந்த தூரம், ஆகவே பாதுகாப்பு. சரிதானே?

பாதிதான் சரி. துப்பாக்கியை வானத்தை நோக்கிச் சாய்த்துச் சுட்டால், வழக்கமான ரைஃபிள் குண்டு இவற்றைவிட மிக அதிக தூரம் போகும். ஆனால் மானை வானத்தில் வைத்து யாரும் சுடுவதில்லை. பென்சில்வேனியாவின் சட்டமன்றக் குழு ஒன்றுக்காக 2007-இல் ஓர் ஆய்வு நடந்தது. மானைச் சுடும்போது வழக்கமாகப் பிடிக்கும் தாழ்ந்த கோணத்தில், ஷாட்கன் குண்டு தரையில் பட்டுத் தெறித்துத் தொடர்ந்து பறக்கிறது. வேகமான ரைஃபிள் குண்டோ தரையில் பட்டதும் பெரும்பாலும் சிதைந்து வேகமிழக்கிறது. ஷாட்கன் எப்போதும் பாதுகாப்பானது என்ற நம்பிக்கையை அந்த ஆய்வு நன்றாகவே உலுக்கியது.

.44 குண்டு வேகத்தில் ஷாட்கன் குண்டின் பக்கத்து வீட்டுக்காரன். தெறிக்கும் குணம் அதற்கும் உண்டு. மானுக்குப் பின்னால் மண்மேடு இருக்கிறதா என்று பார்க்காமல் விசையைத் தொடக்கூடாது என்ற விதி இதற்கும் அப்படியே. தரையில் நின்று சுடுவதைவிட, மரத்தில் கட்டிய பரணில் இருந்து கீழ்நோக்கிச் சுடுவது மேல் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

ஷாட்கன் இருக்கிறதே, அது போதாதா? புதிதாக ஏன் செலவு?

போதும். 50, 60 கெஜத்துக்குள் மான் வரும் இடம் உங்களுடையது என்றால், 12 கேஜ் ஷாட்கனும் ஸ்லக் என்ற ஒற்றைக் குண்டும் பழுதில்லாமல் வேலை செய்யும். உதைதான் பிரச்சினை. ஸ்லக் ஏறக்குறைய 437 கிரெய்ன் எடை (கிரெய்ன் என்பது குண்டை நிறுக்கும் சிறு அலகு); .44 குண்டு வழக்கமாக 240. தோளுக்கு வித்தியாசம் முதல் வெடியிலேயே தெரிந்துவிடும். உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு சுடுகிறவர்களை துப்பாக்கிப் பயிற்சித் திடல்களில் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் பார்க்கிறேன். மெலிந்த உடல்வாகு உள்ளவர்கள், பதின்ம வயதினர் ஆகியோருக்கு .44 அல்லது .357 ரைஃபிள் வாங்குவது வீண்செலவு அல்ல.

ரிவால்வரில் சுடுவதற்கும் ரைஃபிளில் சுடுவதற்கும் எவ்வளவு வித்தியாசம்? தோட்டா ஒன்றுதானே?

தோட்டா ஒன்றுதான், குழலின் நீளம் வேறு. நீளக் குழலில் எரிந்த மருந்தின் வாயுவுக்குக் குண்டைத் தள்ள அதிக நேரம் கிடைக்கிறது. போதாக்குறைக்கு, ரிவால்வரில் உருளைக்கும் குழலுக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. அங்கே கொஞ்சம் வாயு வீணாகும். ரைஃபிளில் அந்த ஓட்டையே இல்லை.

ரெமிங்டனின் 240 கிரெய்ன் .44 மேக்னத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சோதனைக்கான 4 அங்குலக் குழலில் நொடிக்கு 1,180 அடி. ரைஃபிள் குழலில் 1,760 அடி. ஆற்றல் 741 அடி-பவுண்டிலிருந்து 1,650-க்குப் போகிறது, இரண்டு மடங்குக்கும் மேல். .357 மேக்னத்தின் 158 கிரெய்ன் குண்டு 535-லிருந்து 1,175-க்குப் போகிறது. பெட்டியில் ரிவால்வர் அளவுகளை மட்டும் அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்த்து ‘இது மானுக்குப் போதாதே’ என்று பயப்படுகிறவர்களும் உண்டு.

எத்தனை கெஜம் வரை சுடலாம்? கடைக்காரர் 200 என்கிறார்.

கடைக்காரர் உங்களோடு காட்டுக்கு வரப்போவதில்லை. மேலே சொன்ன அதே .44 குண்டு 100 கெஜத்தில் நொடிக்கு 1,380 அடியாகவும், 200 கெஜத்தில் 1,114 அடியாகவும் தளர்ந்துவிடுகிறது. ஆற்றல் 1,015, பிறகு 661. மூக்கு தட்டையான, குட்டையான குண்டு காற்றைக் கிழிக்காது, காற்றோடு மல்லுக்கட்டும்.

ஆற்றலைவிடக் குண்டு தாழ்வதுதான் ஆளைக் கவிழ்க்கும். 100 கெஜத்தில் சரியாகப் படுமாறு குறியை அமைத்தால், 150 கெஜத்தில் ஏறக்குறைய அரை அடியும், 200 கெஜத்தில் ஏறக்குறைய ஒன்றரை அடியும் கீழே படும். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி எட்டு முதல் பத்து அங்குலம். 160 கெஜத்தில் நிற்கும் மானை 130 என்று கணித்தால், மார்பின் நடுவுக்கு வைத்த குறி அதன் அடிவிளிம்புக்கோ காலுக்கோ இறங்கிவிடும். அந்த மான் விழாமல் நொண்டிக்கொண்டு ஓடக்கூடும்.

என் கணக்கு: .44-க்கும் .45 கோல்டுக்கும் 100 கெஜம், நன்றாகப் பழகியவர்களுக்கு 125. .357-க்கு 75. அதற்கு மேல் நிற்கிற மான் அடுத்த முறை வருகிற மான். .460 கதை வேறு, அது பின்னால்.

.357 போதுமா? இரண்டாம் கையாக மலிவாகக் கிடைக்கிறது.

சட்டம் அனுமதிக்கும் இடத்தில், நல்ல குண்டும் குறைந்த தூரமும் சேர்ந்தால் போதும். ரைஃபிளிலிருந்து புறப்படும் 158 கிரெய்ன் குண்டு 100 கெஜத்தில் 700 சொச்சம் அடி-பவுண்டு வைத்திருக்கும். ‘மானுக்கு 1,000 அடி-பவுண்டு வேண்டும்’ என்ற சூத்திரத்தைப் பலர் ஒப்பிப்பார்கள். அது பழக்கத்தில் வந்த ஓர் எண். மானுக்கு அந்தக் கணக்கு தெரியாது. இரண்டு நுரையீரலையும் துளைத்தால் .357-லும் விழும், வயிற்றில் பட்டால் .500-லும் ஓடும்.

ஆனால் .357 பிழை பொறுக்காது. மான் சற்றுச் சாய்ந்து நின்று, குண்டு தோள் எலும்பைத் தாண்டிப் போக வேண்டியிருந்தால் .44-க்கு இருக்கும் தெம்பு இதற்கு இல்லை. பக்கவாட்டில், அசையாமல் நிற்கும் மானை மட்டும் சுடுவேன் என்ற கட்டுப்பாடு உள்ளவர் வாங்கலாம்.

.44, .45 கோல்ட், .454, .460, .500. குழப்பமாக இருக்கிறது, அண்ணா. ஒன்றைச் சொல்லுங்கள்.

.44 மேக்னம். 1950-களின் நடுவில் வந்ததிலிருந்து இன்றுவரை சிறு ஊர்க் கடையிலும் தோட்டா கிடைக்கிறது. துப்பாக்கி வகைகள் ஏராளம். உதை தாங்கும்படி இருக்கிறது. வெள்ளைவால் மானுக்கு இதற்கு மேல் தேவையில்லை. இதோடு நிறுத்திக்கொள்ளலாம், ஆனால் நிறுத்தவிடமாட்டார்கள்.

.45 கோல்ட் 1873-இல் பிறந்தது. அந்தக் காலத்தில் அதற்கு ரைஃபிள் கிடையாது. கூட்டின் விளிம்பு அவ்வளவு குறுகல், ரைஃபிளின் கொக்கியால் பிடித்து இழுக்க முடியாது. இன்றைய அகன்ற விளிம்புக் கூட்டோடு ரைஃபிள்கள் வந்தது நூறாண்டு கழித்துத்தான். இதில் ஒரு பொறி இருக்கிறது. பழைய துப்பாக்கிகளுக்கான மென்மையான தோட்டாவும், வலுவான நவீனத் துப்பாக்கிகளுக்கு மட்டுமான காரமான தோட்டாவும் ஒரே பெயரில், ஒரே அளவில் விற்கின்றன. 1873 மாதிரியை நகலெடுத்துச் செய்த அழகான ரைஃபிளில் காரமான வகையைப் போட்டால் துப்பாக்கியும் போகும், முகமும் போகும். பெட்டியின் சிறிய எழுத்துகளைப் படியுங்கள்.

.454 கசூல் அதே .45-இன் நீட்டிய அண்ணன்; .460 ஸ்மித் அண்ட் வெஸன் அதையும் நீட்டியது. நீண்டதன் அறையில் குட்டையது நுழையும். குட்டையதன் அறையில் நீண்டது நுழையாது, நுழையவும் கூடாது. 2005-இல் வந்த .460 இந்தக் கூட்டத்திலேயே தட்டையாகப் பறப்பது. 200 கிரெய்ன் குண்டை ரிவால்வரிலிருந்தே நொடிக்கு 2,200 அடி வேகத்தில் அனுப்பும். ஒற்றைத் தோட்டா ரைஃபிளில் போட்டால் 200 கெஜம் நேர்மையாக எட்டும். அதன் கூடு 1.80 அங்குலம், மிச்சிகன் வரம்பில் நூலளவும் மிச்சமில்லை. 2003-இல் வந்த .500-ஐ மானுக்கு வாங்குபவர் மானுக்காக வாங்கவில்லை, நண்பர்களிடம் காட்டுவதற்காக வாங்குகிறார்.

.350 லெஜண்ட், .450 புஷ்மாஸ்டர் என்று புதிதாக இருக்கின்றனவே. அவை இருக்க இவை எதற்கு?

அவை ரிவால்வரில் பிறந்தவை அல்ல. ரைஃபிளுக்கென்றே செய்த நேர்ச்சுவர்த் தோட்டாக்கள். .450 புஷ்மாஸ்டர் 2007-இல் வந்தது. .350 லெஜண்ட் 2019-இல், நாலாவது பதிலில் சொன்ன மாநில விதிகளை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டே வரைந்தது போல வந்தது. முதல் துப்பாக்கி வாங்குகிறவர், 150 கெஜம் வரை வயல் ஓரத்தில் சுட வேண்டியவர், .350 லெஜண்ட் வாங்கினால் நான் மறுக்கமாட்டேன். உதை குறைவு, தட்டையாகப் பறக்கும்.

ரிவால்வர் தோட்டாவின் பக்கம் நிற்பதற்குக் காரணம் துப்பாக்கியின் உருவம். ஆறு, ஆறரைப் பவுண்டு எடையில் குட்டையான லீவர் ரைஃபிள், அடர்ந்த புதருக்குள் நுழையவும் பரணில் ஏறவும் இதமானது. அந்த இதம் வேண்டாதவருக்கு இந்தப் பக்கமே வேண்டாம்.

எந்தத் துப்பாக்கி வாங்குவது?

லீவர் என்றால் மார்லின் 1894, ஹென்றி பிக் பாய், 1892-ஆம் ஆண்டு வின்செஸ்டரை ஒட்டிச் செய்த ரோஸி. தாழ்ப்பாளைப் போல இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் போல்ட் வகை வேண்டுமென்றால் ரூகர் 77/44. பழைய துப்பாக்கிக் கடைகளில் ரூகரின் .44 கார்பைன் கண்ணில் படும். 1961 முதல் 1985 வரை செய்தார்கள், தானாக அடுத்த தோட்டாவை ஏற்றும். அழகான பொருள். ஆனால் உறையில்லாத வெறும் ஈயக் குண்டு அதன் வாயுத் துளையை அடைத்துவிடும். செம்பு உறை போட்ட குண்டு மட்டுமே போட வேண்டும்.

இல்லினாய்ஸ்காரர்களுக்கு ஒற்றைத் தோட்டா ரைஃபிள்தான். அதை மட்டமாக நினைக்க வேண்டாம். விலை குறைவு, பழுது குறைவு, ஒன்றுதான் இருக்கிறது என்று தெரிந்தவன் நிதானமாகச் சுடுகிறான்.

எந்தக் குண்டு? ரிவால்வருக்கு வாங்கிய குழிமூக்குத் தோட்டா வீட்டில் நிறைய இருக்கிறது.

அதைத் திடலில் சுட்டுத் தீர்த்துவிடுங்கள். குழிமூக்குக் குண்டு ரிவால்வர் வேகத்தில் விரிவதற்காக அளந்து செய்தது. ரைஃபிளில் அதன் வேகம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தோம். அந்த வேகத்தில் அது தோலுக்கு அடியிலேயே சிதறி, நுரையீரல்வரை போகாமல் நின்றுவிடக்கூடும்; .357-இன் இலேசான 125 கிரெய்ன் குண்டு இதில் மோசம். மானுக்கு .44-இல் 240 கிரெய்ன் மென்மூக்கு, .357-இல் 158 கிரெய்ன் மென்மூக்கு என்று கேட்டு வாங்குங்கள்.

லீவர் ரைஃபிளில் இன்னொன்றும் உண்டு. குழலுக்குக் கீழே உள்ள குழாயில் தோட்டாக்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னதன் மூக்கு முன்னதன் பற்றுமூடியை, அதாவது அடிபட்டால் மருந்தைப் பற்றவைக்கும் அடிப்பக்க மூடியை, தொட்டுக்கொண்டிருக்கும். கூர்மூக்குக் குண்டு போட்டால், உதையின் அதிர்ச்சியில் குழாய்க்குள்ளேயே வெடிக்கலாம். தட்டைமூக்கு, அல்லது ஹார்னடி நிறுவனம் செய்வது போல மெத்தென்ற நெகிழிமூக்கு மட்டுமே.

கனமான 300 கிரெய்ன் குண்டு போட்டால் இன்னும் நல்லது இல்லையா?

துப்பாக்கியைப் பொறுத்தது. குழலுக்குள் இருக்கும் முறுக்குப் பள்ளம்தான் குண்டைச் சுழற்றுகிறது. நீளமான குண்டுக்கு வேகமான சுழற்சி வேண்டும். பழைய மார்லின் .44-இல் 38 அங்குலத்துக்கு ஒரு சுற்று, மிகவும் சோம்பலான முறுக்கு. அதில் 300 கிரெய்ன் குண்டு தள்ளாடி, காகித இலக்கில் பக்கவாட்டாகப் பட்ட தடயத்தோடு நீள்வட்ட ஓட்டை போடுவதைப் பார்க்கலாம். ரூகர் நிறுவனம் 2020-இல் மார்லினை வாங்கிய பிறகு வந்தவற்றில் 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அவை கனத்தைத் தாங்கும். எப்படியும் மானுக்கு 240 போதும். கரடிக்குக் கேட்டிருந்தால் வேறு பேச்சு.

ஸ்கோப் என்ற குறிபார்க்கும் தொலைநோக்கி வேண்டுமா?

கண்ணாடி போடுகிற வயதென்றால் வேண்டும். நூறு கெஜத் துப்பாக்கிக்கு ஒன்று முதல் நான்கு மடங்கு பெருக்கம் தாராளம். மான் வெளியே வருவது பெரும்பாலும் விடியலிலும் அந்தியிலும். அந்த மங்கலில் இரும்புக் குறியைவிட நல்ல கண்ணாடி எவ்வளவோ உதவும்.

சுட்டேன், மான் விழவில்லை, ஓடிவிட்டது. தவறவிட்டேனா?

அதற்குள் அப்படி முடிவு செய்ய வேண்டாம். இந்தத் தோட்டாக்கள் மானை நின்ற இடத்திலேயே சாய்ப்பது அரிது. நுரையீரல் துளைபட்ட மானும் நூறு கெஜம் ஓடிப் போய் விழும். உடனே பரணை விட்டு இறங்கி ஓடாதீர்கள். லீவரை இறக்கி ஏற்றி அடுத்த தோட்டாவை அறைக்குள் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, மான் கடைசியாகத் தெரிந்த மரத்தை மனத்தில் குறித்துக்கொண்டு, அரை மணி நேரம் அப்படியே இருங்கள்.

பிறகு மான் நின்ற இடத்துக்குப் போய்க் குனிந்து பாருங்கள். உதிர்ந்த இலைமேல் இளஞ்சிவப்பாக, சிறு குமிழிகளோடு நுரைத்த இரத்தம் என்றால் நுரையீரல்; தடத்தைப் பிடித்து நடக்கலாம். கருஞ்சிவப்பு என்றால் கல்லீரலாக இருக்கலாம். இன்னும் சில மணி நேரம் விட்டுவிடுங்கள். இரத்தத்தோடு பச்சையாக, செரிக்காத தழை கலந்து நாற்றம் அடித்தால் வயிறு. அப்போது ஓசைப்படாமல் திரும்பிப் போய் ஆறு, எட்டு மணி நேரம் கழித்து வர வேண்டும். விரட்டினால் அது அடுத்தவன் நிலத்தைத் தாண்டி ஓடும். விரட்டாமல் விட்டால் பக்கத்துப் புதரில் படுக்கும். மற்றொன்று: பருத்த குண்டு மறுபக்கம் துளைத்து வெளியேறியிருந்தால் இரத்தத் தடம் நன்றாக விழும். .44-ஐ நான் ஆதரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கியைத் தொடலாமா?

குடியேற்றமற்ற விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை நடுவண் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. விலக்குகளில் ஒன்று, செல்லுபடியாகும் வேட்டை உரிமம். அதாவது உரிமம் முதலில், துப்பாக்கி பிறகு. உரிமம் காலாவதியானால் விலக்கும் போய்விடும், துப்பாக்கி மட்டும் அலமாரியில் சட்டவிரோதமாக உட்கார்ந்திருக்கும். உரிமம் வாங்கப் பெரும்பாலான மாநிலங்களில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் தேற வேண்டும். நண்பரின் துப்பாக்கியை இரவல் வாங்குவதும் ‘வைத்திருப்பது’தான். பச்சை அட்டைக்காகக் காத்திருப்பவர் ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிட்டு இறங்குவது நல்லது. இங்கே ஏற்படும் சிறு தவறு ஒரு மானோடு போகாது.

மான்கறி சாப்பிடலாமா? மிச்சத்தை விற்கலாமா?

விற்கக்கூடாது. காட்டு மான்கறியை விற்பதைச் சட்டம் தடுக்கிறது. உணவகத்தில் கிடைப்பது பண்ணை மான். உறவினருக்கும் நண்பர்களுக்கும் கொடுக்கலாம், உணவு வங்கிக்கும் கொடுக்கலாம்.

சாப்பிடுமுன் இரண்டு கவனம். ஒன்று, மானின் மூளையை அரிக்கும் நாள்பட்ட நலிவு நோய். மிச்சிகனின் காட்டு மான்களில் 2015-லும் ஒஹாயோவில் 2020-லும் கண்டுபிடித்தார்கள். மனிதருக்குத் தொற்றியதாக நிரூபணம் இல்லை. இருந்தாலும் நோய் உறுதியான மானைச் சாப்பிட வேண்டாம் என்பது அரசின் அறிவுரை. எவ்வளவு வேகவைத்தாலும் அந்த நோய்க்காரணி அழியாது. நோய்ப் பகுதியில் சுட்ட மானின் தலையைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை கறியை உறைபெட்டியில் வையுங்கள். இரண்டு, ஈயம். 2008-இல் வடக்கு டகோட்டாவில் தானமாக வந்த அரைத்த மான்கறியில் ஈயத் துணுக்குகள் கண்டு, அதைக் குப்பையில் போடச் சொன்னார்கள். வேகமான ரைஃபிள் குண்டைவிட நம் குண்டு குறைவாகவே சிதறும். ஆனாலும் காயத்தைச் சுற்றி ஒரு சாணாவது வெட்டி எறியுங்கள். வீட்டில் சிறு குழந்தை இருந்தால் முழுச் செம்புக் குண்டு வாங்குங்கள். கொழுப்பு இல்லாத கறி என்பதால் நம் வீட்டுக் குழம்பில் நல்லெண்ணெய் கொஞ்சம் தாராளமாக விட வேண்டியிருக்கும்.

பாவம் இல்லையா? ஊரில் மானைச் சுட்டால் சிறை.

ஊரில் சிறைதான், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அங்கே. இங்கே நிலைமை தலைகீழ். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழிவின் விளிம்புக்குப் போன வெள்ளைவால் மான் இன்று ஏறக்குறைய மூன்று கோடி. ஓநாயும் மலைச்சிங்கமும் பெரும்பாலான இடங்களில் இல்லை. மிச்சிகனில் மட்டும் ஆண்டுக்கு 50,000-க்கு மேற்பட்ட வாகனங்கள் மான்மேல் மோதுகின்றன. 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வாங்கும் ரைஃபிளிலும் தோட்டாவிலும் 11 விழுக்காடு வரி வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. இவ்வளவும் சொன்ன பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால் போக வேண்டாம். இதில் நான் யாரையும் வற்புறுத்துவதில்லை.

கடைசியாக ஒன்று. மாமனார் வீட்டுப் பரணில் பழைய .44-40 இருக்கிறது. கூட்டின் நீளம் 1.3 அங்குலம், குண்டு .427. விதிக்குள் வருகிறதே, எடுத்துப் போகலாமா?

நீளமும் விட்டமும் வருகின்றன, சுவர்தான் வரவில்லை. இரண்டாவது பதிலில் சொன்ன ஒடுக்கம் நினைவிருக்கிறதா? இண்டியானாவின் பழைய விதி விட்டத்தையும் நீளத்தையும் மட்டும் பேசியது. சுவரைப் பற்றி வாய் திறக்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு அங்குள்ள கெட்டிக்காரர்கள் குட்டையான புட்டிக்கழுத்துக் கூடுகளை வெட்டி, வாயை .358-க்கு அகட்டி, பெயருக்கு வரம்புக்குள்ளும் வேகத்தில் வரம்புக்கு வெளியிலுமாகத் தோட்டாக்கள் செய்தார்கள். மிச்சிகன் விதியில் ‘நேர்ச்சுவர்’ என்றே எழுதியிருக்கிறது. அங்கே .44-40 செல்லுமா என்பதைத் துறைக்கு எழுதிக் கேட்டு, பதிலை அச்செடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள். அதற்கு முன்னால் துப்பாக்கியை ஒரு நல்ல துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். மாமனாரின் தாத்தா காலத்து எஃகாக இருந்தால் சுவரில் மாட்டச் சொல்லிவிடுவார்.